எல்லா வீட்டுக்கும் ஒரே எண்: செஞ்சியிலிருந்து ஐபி முகவரிகளைப் பார்த்தல்

செஞ்சியில் திண்டிவனம் சாலை, திருவண்ணாமலை சாலை, விழுப்புரம் சாலை என்று எதில் நடந்தாலும் கடைகளுக்குள்ளே சுவரில் ஒரு வைஃபை பெட்டி விளக்கு மினுங்கத் தொங்குகிறது. மருந்துக்கடை, உரக்கடை, நகைக்கடை, ஜெராக்ஸ் கடை, எதுவும் விதிவிலக்கில்லை. அந்தப் பெட்டியின் கடவுச்சொல்லை மாற்ற உலாவியில் என்ன எண்ணைத் தட்ட வேண்டும் என்று இணைப்புக் கொடுத்தவரைக் கேட்டால், பெரும்பாலும் 192.168.1.1 என்பார்; இல்லாவிட்டால் 192.168.0.1. பக்கத்துக் கடையிலும் அதே எண்தான். மேல்மலையனூரிலும் அதே எண், சென்னையிலும் சிங்கப்பூரிலும் அதே எண். கருவி ஒவ்வொன்றுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் எண் என்ற அடிப்படையில் எழுந்த இணையத்தில், கோடிக்கணக்கான பெட்டிகள் ஒரே எண்ணோடு எப்படி இயங்குகின்றன? விடை 1990களின் நடுவில் பொறியாளர்கள் சிலருக்குள் நடந்த ஒரு வாக்குவாதத்தில் இருக்கிறது. அன்று எடுத்த தற்காலிக முடிவுக்கான விலையைச் செஞ்சி போன்ற ஊர்கள் இன்றும் கொடுத்துவருகின்றன என்பது என் கருத்து. அதை நிறுவ, முதலில் அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இன்று பரவலாகப் புழங்கும் நான்காம் பதிப்பு ஐபி முகவரி ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1981 செப்டம்பரில் வெளியான 791ஆம் ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. அது 32 பிட் நீளமுள்ள ஒரே எண். மனிதர் படிக்க வசதியாக அதை எட்டெட்டு பிட்டாக நான்கு துண்டாக்கி, நடுவில் புள்ளி வைத்து எழுதுகிறோம். எட்டு பிட்டில் 256 மதிப்புகள்தான் அடங்கும் என்பதால் ஒவ்வொரு துண்டும் 0 முதல் 255 வரை மட்டுமே போகும். 192.168.1.256 என்று எழுதினால் அது முகவரியே அல்ல. மூன்று துண்டோடு நிறுத்தினாலும், ஐந்து துண்டு எழுதினாலும், குறை எண்ணைப் போட்டாலும் முறையான வடிவம் ஆகாது.

வடிவத்தைச் சரிபார்ப்பது எளிய வேலைபோலத் தோன்றும். ஆனால் ஒரு துண்டின் முன்னால் சுழியம் போட்டு 192.168.010.1 என்று எழுதினால் என்ன பொருள்? நமக்கு 010 என்றால் பத்து. பழைய யூனிக்ஸ் மரபிலோ சுழியத்தில் தொடங்கும் எண் எட்டடிமான எண். அதன்படி 010 என்பது எட்டு. ஒரே எழுத்துக்கோவையை ஒரு மென்பொருள் ஒரு முகவரியாகவும் இன்னொரு மென்பொருள் வேறு முகவரியாகவும் படித்தது. 0177.0.0.1 என்பதைச் சரிபார்க்கும் நிரல் 177.0.0.1 என்ற வெளி முகவரியாக எடுத்துக்கொண்டு அனுமதிக்கும். இயங்குதளமோ அதை 127.0.0.1, அதாவது அதே கணினியின் உள் முகவரி என்று புரிந்துகொண்டு அங்கே போய் நிற்கும். வெளியாளை உள்ளே விடாதே என்று வைத்த காவல் இப்படித் தோற்றது. பைத்தான் மொழியின் ஐபி முகவரித் தொகுதியிலும், ஜாவாஸ்கிரிப்ட் உலகில் பரவலாகப் பயன்பட்ட நெட்மாஸ்க் என்ற தொகுதியிலும் இந்த வகைக் கோளாறு 2021இல் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆகவே முன் சுழியம் வந்தால் ஏற்காதே என்பதே பாதுகாப்பான விதி. முகவரி சரிபார்க்கும் நிரலை எழுதும் மாணவர்கள் 255 வரை பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது.

வடிவம் சரியாக இருந்தால் மட்டும் முகவரி பயன்பட்டுவிடாது. 32 பிட்டில் மொத்தம் 429 கோடியே 49 லட்சம் சேர்க்கைகள் உண்டு. அவற்றில் கணிசமான பகுதிகள் பொதுப் பயன்பாட்டுக்கு இல்லை. 127 என்று தொடங்குபவை கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ள. 224 முதல் 239 வரை தொடங்குபவை ஒரே தரவைப் பலருக்கு ஒருசேர அனுப்ப. 240 முதல் 255 வரை தொடங்கும் சுமார் 26 கோடியே 84 லட்சம் முகவரிகள் எதிர்காலத்துக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்டன. அந்த எதிர்காலம் இதுவரை வரவில்லை. 203.0.113 என்று தொடங்குபவை போன்ற சில, பாடநூல்களிலும் கையேடுகளிலும் எடுத்துக்காட்டாக எழுதுவதற்கு மட்டுமே. 169.254 என்று தொடங்கும் எண் உங்கள் கணினியில் தெரிந்தால், அது பெட்டியிடம் முகவரி கேட்டு, பதில் கிடைக்காமல், தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நெட் வரவில்லை என்று ஆளைக் கூப்பிடுவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் அடையாளம் அது.

இவற்றுக்கு நடுவில்தான் நம் கதைக்குரிய மூன்று தனிப் பகுதிகள் வருகின்றன. 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை 1,67,77,216 முகவரிகள். 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை 10,48,576. 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை 65,536. இந்த மூன்றையும் யார் வேண்டுமானாலும் யாரிடமும் கேட்காமல் தம் வீட்டுக்குள், கடைக்குள், அலுவலகத்துக்குள் பயன்படுத்தலாம். ஒரே நிபந்தனை, அவை பொது இணையத்தில் தலைகாட்டக் கூடாது. வந்தாலும் வழிநடத்தும் கருவிகள் அவற்றைக் கொண்டுசெல்லாது. 2011 கணக்கெடுப்பில் செஞ்சிப் பேரூராட்சியின் மக்கள்தொகை சுமார் 27,000. மூன்றில் மிகச் சிறிய பகுதியே ஊரில் ஆளுக்கு இரண்டு எண் கொடுத்த பிறகும் மிஞ்சும்.

நடுவில் உள்ள பகுதியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 172 என்று தொடங்கினாலே தனி முகவரி என்று நினைப்பது பரவலான பிழை. 172.15உம் 172.32உம் பொது முகவரிகள், 172.217 என்று தொடங்குபவை கூகுளுடையவை. அதுபோலவே 192 என்று தொடங்கும் எல்லாம் தனி அல்ல, 192.168 மட்டுமே தனி. எல்லை ஏன் 16க்கும் 31க்கும் நடுவில் விழுந்தது என்றால், அந்தக் காலத்தில் முகவரிகளைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று வகுப்பாகக் கட்டுக்கட்டாகக் கொடுத்துவந்தார்கள். தனிப் பயன்பாட்டுக்குப் பெரியதில் ஒன்று, நடுத்தரத்தில் அடுத்தடுத்து 16, சிறியதில் அடுத்தடுத்து 256 என்று எடுத்து வைத்தார்கள். பெரியதில் 10 கிடைத்ததற்கும் காரணம் உண்டு. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டின் எண் 10. அது 1990இல் மூடப்பட்டதால் அந்த எண் சும்மா கிடந்தது.

இனி அந்த வாக்குவாதம். 1990களின் தொடக்கத்தில் முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் பொறியாளர்களிடையே வலுத்தது. பெரிய கட்டுகளை முன்னமே வாங்கியவர்கள் பலர். அமெரிக்காவின் எம்ஐடி என்ற ஒரே கல்வி நிறுவனத்திடம் 18 என்று தொடங்கும் ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ பாதியை அது 2017இல் அமேசானுக்கு விற்றது. ஆப்பிள் நிறுவனத்திடம் 17 என்று தொடங்குபவை முழுவதும் இன்றும் இருக்கின்றன. இந்தியா முழுமைக்கும் கிடைத்தவை சுமார் 4 கோடி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கின்படி 2024 மார்ச்சில் இங்கே இணைய இணைப்புகள் 95 கோடியைத் தாண்டிவிட்டன. ஒரு முகவரிக்கு இருபதுக்கும் மேற்பட்ட இணைப்புகள். பொதுமக்களுக்கான இணையச் சேவையை அன்றைய அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகம் இந்தியாவில் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. பந்தி பாதி முடிந்த பிறகு நாம் இலைக்கு வந்தோம்.

1994 மார்ச்சில் யாகோவ் ரெக்டர், ராபர்ட் மாஸ்கோவிட்ஸ், டேனியல் காரன்பெர்க், கெர்ட் யான் டி குரூட் ஆகிய நால்வர் ஆர்எஃப்சி 1597ஐ வெளியிட்டார்கள். மேற்சொன்ன மூன்று பகுதிகளையும் தனிப் பயன்பாட்டுக்கு ஒதுக்கச் சொன்னது அதுதான். மாஸ்கோவிட்ஸ் வேலை பார்த்த இடம் கிரைஸ்லர் கார் நிறுவனம் என்பதைக் கவனிக்க வேண்டும்; ஆலைக்குள் ஆயிரக்கணக்கான கருவிகளை இணைக்க வேண்டியவர்களின் கவலை அதில் ஒலித்தது. அவர்கள் சொன்ன எடுத்துக்காட்டுகள் நியாயமானவை. விமான நிலையத்தில் வருகை, புறப்பாடு காட்டும் பலகைகள், வங்கியின் பணம் தரும் இயந்திரங்கள், கடையின் பில் போடும் கருவிகள் ஆகியவற்றை உலகின் மறுமுனையில் இருப்பவர் நேரடியாகத் தொட வேண்டிய தேவை என்ன? செஞ்சியில் உள்ள ஒரு வங்கிக் கிளையின் ஏடிஎம் இயந்திரத்துக்கு உலகளாவிய முகவரி எதற்கு? இந்தக் கேள்விக்கு இன்றும் எதிர்வாதம் கிடையாது.

நான்கே மாதத்தில் மறுப்பு வந்தது. 1994 ஜூலையில் எலியட் லியர், எரிக் ஃபேர், டேவ் கிராக்கர், டாம் கெஸ்லர் ஆகியோர் எழுதிய ஆர்எஃப்சி 1627, வலையமைப்பு 10 தீங்கு தரும் என்று தலைப்பிலேயே அறிவித்தது. முகவரிக்கு உலகளாவிய தனித்தன்மை இருப்பதுதான் இணையத்தின் உயிர்நாடி; அதைக் கைவிட்டால் எவரும் எவரோடும் பேசலாம் என்ற அடிப்படை உடையும்; இரண்டு நிறுவனங்கள் நாளை ஒன்றுசேர்ந்தால் ஒரே எண்கள் மோதும் என்று அவர்கள் வாதிட்டார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்தைப் போதிய பொது விவாதம் இல்லாமல் செய்ததையும் கண்டித்தார்கள். 1996 பிப்ரவரியில் இறுதி வடிவமாக வந்தது ஆர்எஃப்சி 1918. அதன் ஆசிரியர் பட்டியலில் முதல் நால்வரோடு ஐந்தாவதாக ஒரு பெயர் சேர்ந்திருந்தது: எலியட் லியர். எதிர்த்து எழுதியவரே இணைந்து எழுதினார். அந்த ஆவணம் இந்த ஏற்பாட்டின் தீமைகளையும், குறிப்பாக ஒன்றுசேரும்போது எண் மாற்ற வேண்டிவரும் தொல்லையையும், மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. இணைய வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் ஆவணங்களில் இது ஒன்று. எதிர்க்குரலை உள்ளே வாங்கிக்கொண்டு ஒரு விதியை எழுதுவது எப்படி என்பதற்கு இது நல்ல சான்று.

அவர்கள் சொன்ன மோதல் இன்று அன்றாடம் நடக்கிறது. சென்னை நிறுவனத்துக்குச் செஞ்சி வீட்டிலிருந்து, தொலைவில் இருந்தே அலுவலக வலைக்குள் நுழைய உதவும் விபிஎன் வழியாக வேலை செய்பவரின் வீட்டு வலையும் 192.168.1, அலுவலக வலையும் 192.168.1 என்றால், அலுவலகத்தின் அச்சுப்பொறியைத் தேடும் மடிக்கணினி வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். அலுவலக வலையை அமைப்பவர்கள் பெட்டியோடு வந்த எண்ணை அப்படியே விடாமல், 10.0.0.0க்குள் எங்காவது நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்வது நல்லது. ஆர்எஃப்சி 1918 ஆவணமே அப்படித்தான் அறிவுறுத்துகிறது. சிலர் இன்னும் மேலே போய், தனிப் பகுதி அல்லாத எண்களையே தமதாக்கிக்கொண்டார்கள். 1 என்று தொடங்கும் முகவரிகள் நெடுங்காலம் யாருக்கும் வழங்கப்படாமல் இருந்ததால், பல அலுவலகங்கள் உள்ளே 1.1.1.1 என்று போட்டுக்கொண்டன. 2010இல் ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏப்னிக்குக்கு அந்தக் கட்டு முறையாக வழங்கப்பட்டபோது, அந்த எண்களை நோக்கி உலகெங்குமிருந்து குப்பைத் தரவு வந்து கொட்டியது. 2018இல் கிளவுட்ஃபிளேர் 1.1.1.1இல் தன் பெயர் தேடும் சேவையைத் தொடங்கியபோதும், பல இடங்களில் உள்ளூர்க் கருவிகள் வழிமறித்ததால் அது எட்டவில்லை.

தனி முகவரியுள்ள கணினி வெளி உலகோடு பேசுவது முகவரி மாற்றம் என்ற உத்தியால். 1994 மே மாதம் ஆர்எஃப்சி 1631இல் கியெல்ட் எகவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் இதை விவரித்தார்கள். உள்ளேயிருந்து புறப்படும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மீதும் உள்ள தனி முகவரியை அழித்து, தன் பொது முகவரியை எழுதி அனுப்புகிறது வைஃபை பெட்டி. யார் அனுப்பியது என்பதை, ஒவ்வோர் உரையாடலையும் பிரித்தறிய உதவும் போர்ட் எண்ணோடு ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால் பட்டியலைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. உள்ளேயிருந்து தொடங்கிய உரையாடலுக்கு மட்டுமே இந்த வழி திறக்கும். வெளியிலிருந்து ஒருவர் தாமாகக் கதவைத் தட்டினால் யாரைத் தேடி வந்தார் என்று பெட்டிக்குத் தெரியாது.

அந்த ஒரு பொது முகவரியாவது பெட்டிக்குக் கிடைத்த காலம் போய்விட்டது. 2011 பிப்ரவரி 3 அன்று உலக அளவில் முகவரிகளைப் பகிரும் அமைப்பான அயானாவின் இருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஏப்னிக் தன் கடைசிக் கட்டைத் தொட்டது. உலகின் ஐந்து வட்டாரங்களில் முதலில் வறண்டது நம்முடையது. 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 என்ற ஆவணம் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை 41,94,304 முகவரிகளை இணையச் சேவை நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒதுக்கியது. இப்போது மாற்றம் இரண்டு அடுக்கில் நடக்கிறது. வீட்டுப் பெட்டி ஒரு முறை மாற்றுகிறது. நிறுவனத்தின் பெரிய கருவி இன்னொரு முறை மாற்றுகிறது. இதற்குச் சிஜிநாட் என்று பெயர். ஒரு பொது முகவரியில் 65,536 போர்ட் எண்கள் உண்டு. வீட்டுக்கு ஆயிரம் என்று பிரித்தால் ஒரே முகவரிக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் அடங்கும்.

இதனால் செஞ்சிக்காரருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். யூபிஐ பணம் வருகிறது, படம் ஓடுகிறது, வாட்ஸாப் அழைப்பு போகிறது. எல்லாம் உள்ளேயிருந்து புறப்படும் உரையாடல்கள் என்பதால் தடையில்லை. கடைக்காரர் தன் கடையின் சிசிடிவியை வெளியூரில் இருந்தபடி நேரடியாகப் பார்க்க விரும்பும்போதுதான் நட்டம் தெரியும். இணையம் வடிவமைக்கப்பட்ட விதப்படி அவர் கைப்பேசி கடையின் முகவரியைத் தொட்டால் போதும். ஆனால் கடைக்கு வெளியிலிருந்து தொடக்கூடிய முகவரி கிடையாது. ஆகவே கேமராவும் கைப்பேசியும் கேமரா நிறுவனத்தின் எங்கோ உள்ள சர்வருக்குப் போய்ச் சந்திக்கின்றன. தன் கடையின் படத்தைப் பார்க்க அவர் முன்பின் தெரியாத மூன்றாமவரை நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நிறுவனம் சேவையை நிறுத்தினால் கேமரா குருடாகும். மாற்று வழி, மாதக் கட்டணத்துக்கு மேல் பணம் கட்டி நிலையான முகவரி வாங்குவது. முகவரிகள் இன்று விலைப்பொருள். ஏற்கெனவே திவாலாகியிருந்த நார்டெல் நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் 2011இல் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. அமேசான் தன் வாடிக்கையாளர்களிடம் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கணக்கில் கட்டணம் வசூலிக்கிறது.

கேமராவை ஓர் எடுத்துக்காட்டாகத்தான் சொல்கிறேன். பள்ளி ஆய்வகத்தில் ஒரு சிறு கணினியை வைத்து இணையதளம் நடத்திப் பார்க்க ஆசைப்படும் மாணவி, கிணற்று மோட்டாரைத் தானே எழுதிய நிரலால் இயக்க விரும்பும் இளைஞர், செஞ்சிக் கோட்டையின் படங்களைத் தன் வீட்டுக் கணினியிலிருந்தே உலகுக்குக் காட்ட நினைக்கும் ஆர்வலர், எல்லாருக்கும் இதே சுவர்தான். மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. அந்த ஊரிலிருந்து தரவை வெளியே கொடுப்பது வாங்குவதைப்போலவே இயல்பாக இருக்க வேண்டும். இப்போதைய ஏற்பாட்டில் ஊர் வாங்கும் இடமாக மட்டும் இருக்கிறது. இதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன விலை.

காவல்துறைக்கும் இதில் சிக்கல் உண்டு. இணைய மோசடி ஒன்றில் ஐபி முகவரி கிடைத்தால், முன்பெல்லாம் அது ஓர் இணைப்பைக் காட்டும். இப்போது அது அறுபது வீடுகளையோ அதற்கு மேலோ காட்டும். சரியான இணைப்பைக் கண்டறிய முகவரியோடு போர்ட் எண்ணும், துல்லியமான நேரமும் வேண்டும். வெளிநாட்டு சர்வர் குறித்த நேரம் உலகப் பொது நேரமாக இருந்து, ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்துவிட்டால், சம்பந்தமில்லாத வீட்டின் கதவு தட்டப்படும். சர்வர் நடத்துவோர் போர்ட் எண்ணையும் குறித்து வைக்க வேண்டும் என்று 2011இலேயே ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்தது. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017இல் இதே பிரச்சினையைப் பொதுவெளியில் எழுப்பியது. ஒருவர் செய்த தவறுக்காக ஓர் இணையதளம் முகவரியைத் தடுத்தால், அதைப் பகிரும் அத்தனை வீடுகளும் தடைபடும். நான் ரோபோ அல்ல என்று அடிக்கடி நிரூபிக்க வேண்டியிருப்பதற்கும் இந்தப் பகிர்வு ஒரு காரணம்.

தனி முகவரி பாதுகாப்பு தருகிறதே என்பது பரவலான வாதம். வெளியிலிருந்து தொட முடியாததால் ஓரளவு காப்பு கிடைப்பது உண்மை. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், இணையத்தில் நேரடியாகத் தெரிந்த கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லைக் கொண்டே பிடித்தது. ஆனால் அந்தக் காப்பு முகவரிச் சிக்கனத்தின் துணை விளைவு. செஞ்சிக் கோட்டையை எதிரியைத் தடுக்கவென்றே கட்டினார்கள். அதன் ராஜகிரி மலையின் உச்சிக்கு முன் ஆழமான பிளவு, அதைக் கடக்க ஒரே பாலம். மராட்டிய மன்னர் ராஜாராம் உள்ளே இருந்த கோட்டையை முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட வேண்டியிருந்தது. முகவரி மாற்றத்துக்கு அப்படியொரு நோக்கமே இல்லை. உள்ளேயிருக்கும் ஒருவர் போலி இணைப்பைத் தட்டி நச்சுச் செயலியை இறக்கிவிட்டால், அது உள்ளேயிருந்து வெளியே பேசத் தொடங்கும். பெட்டி மறுபேச்சில்லாமல் வழிவிடும். தடுக்கும் வேலை ஃபயர்வாலுடையது. முகவரி மாற்றம் இல்லாமலே அந்தக் காப்பைப் பெறுவது எப்படி என்று 2007இல் ஆர்எஃப்சி 4864 விளக்கிவிட்டது.

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். ஐபி ஆறாம் பதிப்பின் முகவரி 128 பிட் நீளம். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகளாவிய தனி எண் கொடுத்தாலும் அது தீராது. 1995 டிசம்பரில் முதல் வரையறை வந்தது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் முதல் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2012இல் முகவரிகளை வழங்க ஐரின் என்ற தேசியப் பதிவகம், இந்தியாவின் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பான நிக்ஸியின் கீழ் தொடங்கியது. 2016இல் ஜியோ தன் கைப்பேசி வலையை ஆறாம் பதிப்போடு தொடங்கியபோது நிலைமை தலைகீழானது. கூகுளின் அளவீட்டில் இந்தியப் பயனர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இன்று ஆறாம் பதிப்பில் வருகிறார்கள். உலகில் முன்வரிசை நாடுகளில் நாமும் ஒன்று. தாமதமாக வந்தவர்களுக்குக் கிடைத்த நன்மை இது. பாரத்நெட் திட்டத்தில் டான்ஃபினெட் நிறுவனம் தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பணியில் இருக்கிறது. அந்த இழையின் முனையில் வைக்கும் பெட்டிகள் தொடக்கத்திலிருந்தே ஆறாம் பதிப்பைத் தர வேண்டும். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால் இன்னொரு தலைமுறை தனி முகவரிக்குள்ளேயே இருந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) என்று குறித்த பகுதியில் உள்ள முகவரியைப் பாருங்கள். அது 10, 192.168, 172.16 முதல் 172.31, 100.64 முதல் 100.127 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கினால் உங்களிடம் பொது முகவரி இல்லை. அடுத்து அதே பக்கத்தில் ஐபி ஆறாம் பதிப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் ஃபயர்வால் செயல்படுவதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இயங்காவிட்டால் இணைப்புக் கொடுத்த கேபிள்காரரிடமோ நிறுவனத்திடமோ கேளுங்கள். 2022 டிசம்பர் 31க்குப் பிறகு கொடுக்கப்படும் ஒவ்வொரு புதிய கம்பிவழி வீட்டு இணைப்பும் ஆறாம் பதிப்பைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 நவம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. அதற்குப் பிறகு வாங்கிய இணைப்பு என்றால், அந்த உத்தரவைச் சுட்டிக்காட்டியே கேளுங்கள்.